ஊதக் கூடாத விசில்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு பயம். ஒன்று கடல். இன்னொன்று, புருஷனுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்பது. இரண்டாவது பயத்தோடு அலைகிறவர்கள் கடைசியில் என் கடைக்குத்தான் வந்து நிற்பார்கள். எங்கள் ஸ்டோனி ஹெட்டில் வேறு கடை கிடையாது.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை சிங்கி இறால் பருவம் தொடங்கும். நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் இந்தக் கடற்கரைக் கோடி முழுக்க அன்று விடியும்போதே படகுகளில் இறால் பிடிக்கிற கூடுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கூடு இறக்கும் நாள் என்போம். அதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது மனைவி புருஷனுக்கு உடம்பில் போட்டுக்கொள்கிற மாதிரி ஏதாவது கொடுத்தாக வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தால் ஆகாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆள் இருக்க வேண்டுமே. நாங்கள் அப்படி வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், ஆனால் விஷயம் அதுதான்.

கொடுப்பது சும்மா இல்லை. பருவம் தொடங்கும் முன் எந்த வீட்டிலும் காசு புழங்காது. எல்லாம் கயிறாகவும் டீசலாகவும் போயிருக்கும். விலை கூடின பொருள் வாங்கினால் திட்டு விழும். மலிவாக வாங்கினால் அலமாரியில் தூங்கும். ஒருத்தி மணக்கிற சோப்பு வாங்கிக் கொடுத்தாள். அந்த மகராசன் அதை வைத்துப் படகு ஜன்னலைத் தேய்த்தான். கேட்டால், கண்ணாடி நன்றாகப் பளபளக்கிறது என்று பாராட்டு வேறு.

அந்தச் சனிக்கிழமை வெர்னா வந்தபோது அவள் புருஷன் எல்வுட்டின் அண்ணன் ஹார்லன் என் கடை அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இந்தத் துறையில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. படகில் சாம்பல் நிறக் கையுறை கூடாது, வெள்ளைதான். பன்றி என்ற சொல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சீட்டியடிக்கக் கூடாது. சீட்டியடித்தால் காற்றைக் கூப்பிட்டதாக அர்த்தம். போன கோடையில் ஊர் பார்க்க வந்த ஒருத்தன் ஹார்லனின் படகில் நின்று ஏதோ பாட்டைச் சீட்டியில் இழுத்தான். அவனை இறக்கிவிட்டதோடு ஹார்லன் அன்று கடலுக்கே போகவில்லை.

"என்ன வெர்னா, என் தம்பிக்கு இந்த வருஷம் என்ன? போன தடவை நீ குடுத்த பனியனை அவன் நாய்க்குப் போட்டுட்டான், தெரியுமில்ல?"

"நாய்க்காவது நன்றி இருந்துச்சு" என்றாள் வெர்னா, திரும்பிப் பார்க்காமலே.

மீன் ஆலையில் பெட்டி அடுக்குகிற கை அவளுக்கு. விரல்களில் வெடிப்பு. அந்த விரல்களால் சுவரில் தொங்கிய மிதவைச் சட்டையைத் தொட்டாள். மெல்லிசானது, தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் ரகம். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

ஹார்லன் சிரித்தான். "அதை மாட்டிக்கிட்டு எவன் கூடு தூக்குறது? அதுவுமில்லாம அதைப் போடுறவன், இன்னைக்கு நான் விழப்போறேன்னு கடல்கிட்ட சொல்லிட்டுல்ல போறான்!"

வெர்னா வெள்ளைக் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி எடுத்து வைத்தாள். ஹார்லன் தன் புகையிலையை வாங்கிக்கொண்டு, "கையுறை நல்லது. கையுறையோட யாரும் சண்டை போட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அவள் குரல் தாழ்ந்தது.

"லீலண்ட் கத்தினதை ரோடி கேட்டானாம், இடெல்லா. உங்களுக்குத் தெரியுமா?"

ரோடி அவள் தம்பி. போன ஜனவரியில் லீலண்ட் கடலில் தவறி விழுந்து இறந்தானே, அந்தப் படகில் வேலை பார்த்தவன். அந்தப் படகுக்கு அப்புறம் போகவில்லை. இந்தப் பருவத்துக்கு எல்வுட்டோடு சேர்ந்திருந்தான்.

"இத்தனை நாள் சொல்லலை. நேத்துதான் சொல்றான். ரெண்டு மூணு தடவை கத்தினானாம். மூடுபனியில எந்தப் பக்கம்னு தெரியலையாம். அப்புறம் சத்தமே இல்லையாம். ஆளு அதுக்கப்புறமும் மிதந்துக்கிட்டுதான் இருந்திருக்கணும்னு சொல்றான். குளிர்ல முதல்ல போறது குரல்தானாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் கை நீட்டிக் காட்டியது, வேட்டைக்குப் போகிறவர்களுக்காக நான் அட்டையில் மாட்டி வைத்திருந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் விசிலை. நாலு டாலர் சொச்சம். யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்தது.

"உனக்குப் பைத்தியமா?" என்றேன். "படகுல விசிலா? ஹார்லனுக்குத் தெரிஞ்சா உன்னையும் என்னையும் சேர்த்து ஊரைவிட்டு விரட்டுவான். எல்வுட்டே தூக்கிக் கடல்ல போட்டுருவான்."

"அவனுக்குத் தெரிஞ்சாத்தானே. ரப்பர் கோட்டுக் கழுத்துப்பட்டிக்குள்ள வெச்சுத் தெச்சிருவேன்."

"அடி அறிவே! இருக்கிறதே தெரியாத விசிலை அவன் எப்படி ஊதுவான்?"

"சொல்லிருவேன். கயிறு அவுத்து, படகு நகர்ந்ததுக்கப்புறம் துறையில நின்னு கத்திச் சொல்லிருவேன். அப்ப பிடுங்கிப் போட நேரம் இருக்காது."

அவள் முகத்தைப் பார்த்தபோது விளையாட்டாகத் தெரியவில்லை. விசிலைக் கையுறைக்குள் திணித்துக் கொடுத்தேன். நான் படகு ஏறினவள் இல்லை, இருந்தாலும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். நாலு டாலருக்கு ஆசைப்பட்டு என்ன செய்துவிட்டேன் என்று அன்று முழுக்க உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் எனக்கும் சாப்பாடு. காலையிலிருந்து அடுப்பில் கிடந்த பீன்ஸ், சர்க்கரைப்பாகு ஊற்றிச் செய்த பழுப்பு ரொட்டி, உப்பு மீன். எல்வுட் பேச்சுக் குறைந்தவன். சாப்பிடுகிறபோது ஜன்னல் வழியாக வானத்தையே பார்ப்பான். ரோடி அதற்கு நேர்மாறு.

"அக்கா, இந்தப் பீன்ஸ்ல பன்றி..."

எல்வுட் மேசையில் ஓங்கி அறைந்தான். கரண்டிகள் குதித்தன.

"கரையிலதானே இருக்கோம்!" என்றான் ரோடி.

"நாளைக்குக் கடல்ல இருப்போம். மண்கிண்டின்னு சொல்லு, இல்லேன்னா வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"சரி. மண்கிண்டிக் கறி கம்மியா இருக்கு. போதுமா?"

சிரித்தோம். வெர்னா மட்டும் சிரிக்கவில்லை. கையுறைப் பொட்டலத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்வுட் பிரித்து, இரண்டையும் மாட்டி, விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"வெள்ளை" என்றான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு.

ரப்பர் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கழுத்துப்பட்டியில் புதுத் தையல் எனக்குத் தெரிந்தது. பாத்திரம் கழுவும்போது வெர்னா என் காதில், "ராத்திரி முழுக்க அது ஊதுற மாதிரியே கேக்குது எனக்கு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் துறை முழுக்க ஜனம். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னார். காற்று இல்லை. சாயங்காலம் வரைக்கும் இப்படியேதான் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. எல்வுட்டின் படகுக்குப் பெயர் 'வெர்னா லின்'. இங்கே படகுக்கு மனைவி பெயர்தான் வைப்பது. கூடுகளின் பாரத்தில் அது தண்ணீரில் அமிழ்ந்து, பின்பக்கம் அலை தொடுகிற உயரத்தில் நின்றது.

கயிற்றை அவிழ்த்தார்கள். படகு நகர்ந்தது. வெர்னா துறையின் விளிம்புக்குப் போனாள். நான் அவள் பின்னால் நின்றேன். பக்கத்துப் படகில் ஹார்லன் சுக்கான் பிடித்து நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.

"எல்வுட்!" என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான். வெள்ளைக் கையுறையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். எல்வுட் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். அவள் வாய் திறந்தது. ஹார்லன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை படகுகளின் எஞ்சினும் ஒரே சமயத்தில் உறுமியது. அவள் கையை மட்டும் அசைத்தாள். 'வெர்னா லின்' மற்ற படகுகளோடு கலந்து வெளியே போய்விட்டது.

"சொல்லலை, இடெல்லா."

"தெரியுது, வா. காபி போடுறேன்."

மத்தியானத்துக்குள் காற்று வந்துவிட்டது. சாயங்காலம் வர வேண்டிய காற்று. முதலில் கடைப் பலகை கிறீச்சிட்டது. பிறகு புகைபோக்கி ஊளையிட்டது. அப்புறம் பனி, கீழே விழாமல் பக்கவாட்டில் பறக்கிற பனி. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தபால் பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை.

என் கடையில் வயர்லெஸ் உண்டு. படகுகள் சாமான் சொல்லிவிடுவதற்காக வைத்தது. கூரை மேல் உயரமான கம்பி, அதனால் நாங்கள் பேசுவது வெகுதூரம் கேட்கும். வெர்னா ஆலையிலிருந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற செய்தி வந்தது. பிறகு ஹார்லனின் குரல்.

"எல்வுட் படகுக்கு அடியில சுத்துற விசிறியில கயிறு மாட்டிக்கிச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. பின்பக்கம் தண்ணி ஏறியிருக்கு, பேட்டரி போச்சு. கையில பிடிக்கிற சின்ன வயர்லெஸ்லதான் பேசுறான். எங்கே இருக்கோம்னு அவனுக்கே தெரியலை. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. பக்கத்துல இருக்கிறவங்க எல்லாரும் தேடுங்க."

அந்தச் சின்ன வயர்லெஸ் அற்பத் தூரம்தான் எட்டும். எல்வுட் பேசுவது எங்களுக்குக் கேட்காது. எங்கள் குரல் அவனுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஹார்லன் கூப்பிடுவது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

"வெர்னா லின், வெர்னா லின்... வெர்னா லின், எங்கே இருக்கே?"

தன் பெயரைச் சொல்லி ஒருவன் கடலில் தேடுவதை வெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். என்னால் அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. அடுப்பில் கட்டை போட்டேன். ஏற்கெனவே நிறைய இருந்தது, இருந்தும் போட்டேன்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

"யாரை?"

"இந்தக் காத்தை. சாயங்காலம் வர வேண்டியது இப்பவே வந்திருக்கு. விசில் படகுல இருக்கு, அதான் வந்திருக்கு."

"ஊதினாத்தான் காத்து வரும். ஊதாத விசில் வெறும் பிளாஸ்டிக்."

சொன்னேனே தவிர எனக்கும் நம்பிக்கை இல்லை.

வயர்லெஸ்ஸில் ஹார்லன்: "தீப்பந்தம் கொளுத்தினானாம். நாங்க யாரும் பார்க்கலை. பனி கண்ணை மறைக்குது. அவனுக்கு எங்க எஞ்சின் சத்தம் கேக்குதாம், எந்தப் பக்கம்னு தெரியலையாம். கிட்டத்துலதான் இருக்கான். கிட்டத்துலதாண்டா இருக்கான்!" ஹார்லன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

வெர்னா என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது புரிந்தது. விசிலைப் பற்றி எல்வுட்டிடம் சொல்ல இந்த வயர்லெஸ்ஸைவிட்டால் வழியில்லை. இதில் சொன்னால் கடலில் இருக்கிற எல்லாப் படகுக்கும் கேட்கும், கரையில் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் கேட்கும். எல்வுட் திரும்பாவிட்டால், விசில் வைத்துப் புருஷனைக் கொன்றவள் என்ற பெயரோடு அவள் இந்த ஊரில் இருந்தாக வேண்டும். வேறு எந்தப் படகுக்கு ஏதாவது ஆனாலும் பழி அவள் தலையில்தான்.

"நான் சொல்லட்டுமா?" என்றேன். "நான்தானே வித்தேன்."

"வேண்டாம். என் குரல்னாத்தான் அவன் நம்புவான்."

பேசுகிற கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்வுட், நான் வெர்னா. உனக்குக் கேக்குதான்னு தெரியலை. கோட்டுக் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பாரு. இடது பக்கம். உள்ளே ஒரு விசில் இருக்கு. நான்தான் தெச்சேன். பல்லால கடிச்சுப் பிரி. எடுத்து ஊது. காத்தைப் பத்திக் கவலைப்படாதே, அது ஏற்கெனவே வந்திருச்சு. என்னை அப்புறமா திட்டிக்கோ. ஊது, எல்வுட். தயவுசெஞ்சு ஊது."

விரலை எடுத்தாள். வயர்லெஸ் இரைந்தது. அவ்வளவு பேர் இருக்கிற அலைவரிசையில் ஒரு குரல்கூட இல்லை. அந்த அமைதி எனக்குக் காற்றைவிடப் பயமாக இருந்தது.

பிறகு ஹார்லன் பேசினான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"எல்லாப் படகும் கேட்டுக்கோங்க. நான் சொல்லும்போது எல்லாரும் எஞ்சினை அணைக்கணும். ஒரு நிமிஷம்."

"ஹார்லன், இந்த அலையில அணைச்சா கவுந்துருவோம்" என்றது வேறொரு குரல்.

"அலையைப் பக்கவாட்டுல வாங்காதே, படகு மூக்கைக் காத்துக்குத் திருப்பிட்டு அணை. நானும்தான் அணைக்கிறேன். இப்ப... அணைங்க."

கடையில் கெட்டில் முனகியது. நான் ஓடிப்போய் அதை அடுப்பிலிருந்து எடுத்தேன். ஏதோ எங்கள் கெட்டில் சத்தம் அவர்கள் காதை அடைத்துவிடும் என்பது போல. சீட்டியடித்தால் படகைவிட்டே இறக்கிவிடுகிறவர்கள் அத்தனை பேரும் நடுக்கடலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு விசிலுக்காகக் காதைத் தீட்டி நிற்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

"ஒண்ணும் கேக்கலை" என்றான் ஹார்லன். "எஞ்சினைப் போடுங்க. நான் காத்துக்குக் கீழ்ப்பக்கம் போறேன். காத்து சத்தத்தைக் கொண்டாரும். மறுபடி சொல்றேன்."

வெர்னா மேலங்கியின் நுனியைப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"அணைங்க."

மறுபடி அந்த இரைச்சல் மட்டும். பிறகு யாரோ இளம் குரலில், "கேக்குது" என்றார்கள்.

"யார்றா அது? எங்கே?"

"உனக்கு வலது பக்கம், ஹார்லன். விட்டு விட்டுக் கேக்குது. விசில்தான். விசிலேதான்!"

"கேக்குது" என்றான் ஹார்லன். "கேக்குதுடா, தம்பி, ஊது. நிறுத்தாதே. ஊதிக்கிட்டே இரு."

வெர்னா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் ஹார்லன் 'வெர்னா லின்'னைக் கட்டி இழுத்து வந்தான். துறையில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ரோடி முதலில் ஏறி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். எல்வுட்டின் உதடுகள் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. வெர்னா முன்னால் வந்து நின்றான். ஊரே பார்த்தது.

"கையுறை நல்லா இருந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான். ஹார்லன் அவளைத் தாண்டிப் போகும்போது தொப்பியைத் தொட்டான். விசிலைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் வெர்னா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து எடுத்துச் சுத்தமாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள்.

"திருப்பி எடுத்துக்கோங்க. காசு வேண்டாம். அவன் ஒரு வார்த்தை பேசலை. கோவமா என்னன்னு தெரியலை. ஒரு தடவை பொழைச்சு வந்துட்டான். இன்னொரு தடவை அதைப் படகுல ஏத்த எனக்குத் தைரியமில்லை."

படகைச் சரிசெய்து மறுபடி கிளம்புகிற அன்று, கடை திறந்த உடனே எல்வுட் வந்தான். ரப்பர் கோட்டைப் போட்டிருந்தான். கயிறு, பிஸ்கட், தீப்பெட்டி என்று வேண்டாததையெல்லாம் எடுத்து வைத்தான். பிறகு கழுத்துப்பட்டியின் இடது பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது லேசா இருக்கு, இடெல்லா."

இழுப்பறையிலிருந்து விசிலை எடுத்து வைத்தேன். என் ஊசியை வாங்கி, அங்கேயே நின்று, கூட்டு வலை பின்னுகிற நூலால் அவனே தைத்தான். ஊசி இரண்டு முறை விரலில் குத்தியது.

"வெர்னாகிட்ட சொல்லாதீங்க" என்றான் தலை நிமிராமல். "நான் பயந்துட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

சொல்ல மாட்டேன் என்றேன். போனான்.

படகுகள் வெளியே போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வெர்னா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. வெளியே காற்று லேசாக எழுந்திருந்தது. கடைப் பலகை கிறீச்சிட்டது.

"அதைக் குடுங்க, இடெல்லா. தப்புப் பண்ணிட்டேன். எப்படியாவது அனுப்பிரலாம், ஹார்லன் இன்னும் துறையிலதான் இருக்கான், அவன்கிட்ட குடுத்தாவது... எங்கே அது?"

எல்வுட்டுக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அவள் முகத்தையும் பார்த்தேன்.

"அது கடலுக்குப் போயிருச்சு, வெர்னா" என்றேன். "காலையிலேயே கிளம்பிருச்சு."

அவள் மாவு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்தாள். நான் வயர்லெஸ்ஸைப் போட்டுவிட்டு, காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.